‘வீ’ சொல்லாதவர்

அந்த அம்மா என்னுடைய நாற்காலியைப் பிடிப்பதற்காகத்தான் இங்கிலீஷ் பழகுகிறார் என்று நான் நம்பினேன். லேசான சந்தேகம் இல்லை. சோறு தொண்டையில் இறங்காத அளவுக்கு உறுதியான நம்பிக்கை. அந்த நாற்காலியின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு கை கிடையாது. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். சாயாமல் உட்காரப் பழகவே எனக்கு நாலு வருஷம் ஆனது. அதைப் பிடிக்க ஒருத்தர் இன்னொரு பாஷையையே கற்றுக்கொண்டு வருவார் என்று நினைத்தவனின் புத்தியை என்னவென்று சொல்ல.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பது என் பொறுப்பு என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயம். இங்கிலீஷ் படிப்பேன், மெயில் பார்த்தால் முக்கால்வாசி புரியும். பேச வேண்டும் என்றால்தான் உள்ளே இருக்கிற சொல்லெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஓடிப்போய்விடும். மேஜையில் போன் அடித்துக்கொண்டிருக்கும்போது பாத்ரூமுக்கு எழுந்து போகிற எக்ஸ்போர்ட் மேனேஜர் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான்.

தப்பிக்க முடியாத நேரத்துக்கு என்னிடம் மூன்று வாக்கியம் இருந்தது. “யெஸ் சார்.” “நோட்டட் சார்.” மூன்றாவது, “வீ வில் டூ த நீட்ஃபுல் சார்.” ஆவன செய்வோம். மூன்றாவதுதான் என் கோட்டை. அந்த ‘வீ’க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எதிராளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆடிப்பெருக்கு அன்று புது வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதோடு சீசன் சூடு பிடிக்கும். அந்த வருஷம் ஆல்பம் போட்ட மறுவாரம் அந்த அம்மா வந்து சேர்ந்தார். தாயில்பட்டிப் பக்கம் ஊர். என்னைவிட இரண்டு மூன்று வயசு குறைவாக இருக்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். “போன் பேச ஒங்களுக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கும்” என்று சொல்லி முதலாளி அவரை எனக்கு எதிர் மேஜையில் உட்காரவைத்தார். ஒத்தாசை என்ற சொல்லைக் கேட்ட அன்றைக்கே என் காலடியில் பள்ளம் தோண்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது.

முதல் நாள் பதினோரு மணி. அவர் வாசலைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல், “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டீ” என்றார். டீ வந்தது. குடித்தார். கொஞ்ச நேரத்தில் மேஜையைத் துழாவிக்கொண்டே, “ஐ ஆம் லுக்கிங் ஃபார் த சிஸர்ஸ்.” கத்தரிக்கோல் கிடைத்ததும் வாய் மூடிக்கொண்டது. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, “ஐ ஆம் கோயிங் டு த பஸ் ஸ்டாண்ட்.” போய்விட்டார்.

மறுநாள் நான் கேட்டேன்.

“என்ன மேடம், யாருட்டயோ பேசுறீக, ஆளத்தான் காணோம்?”

“எனக்கு நானே பேசுறேன் அண்ணாச்சி. நாக்குக்குப் பழக்கம் வேணும்ல.”

“அதுக்குத்தான் புஸ்தகம் விக்கிறானே. முப்பதே நாள்ல முடிச்சிரலாம்.”

“வாங்கிப் பாத்தேன். ‘நான் லண்டனுக்குப் போகிறேன்’னு சொல்லச் சொல்றான். நான் எங்க போறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். போகாத ஊருக்குப் போறேன்னு சொல்லிப் பழகுனா, அவசரத்துக்கு வாய் தொறந்தா வராது அண்ணாச்சி. செஞ்சதச் சொன்னா வரும்.”

இதுதான் அவருடைய மொத்த இலக்கணமும். ‘ஐ’ என்று தொடங்கினால், அந்த நிமிஷம் அவர் அதைச் செய்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார். நம்மை எல்லாம் பரீட்சையில் கவிழ்த்த அந்தக் குட்டிக் குட்டிச் சொற்கள், ஃபார், அட், இன்டு, ஆஃப்டர், அவற்றை அவர் மனப்பாடம் செய்ததே இல்லை. உடம்பில் எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் பார்த்துக்கொண்டார். ஒரு தடவை எனக்குச் சொன்னார்: “லுக்கிங் அட்னா கண்ணு போதும். லுக்கிங் ஃபார்னா கையும் சேந்து தேடணும். லுக்கிங் இன்டுன்னா எந்திரிச்சுப் போயி தலைய உள்ள விடணும். லுக்கிங் ஆஃப்டர்னு சொல்லிட்டா, அது முடியிற வரைக்கும் வீட்டுக்குப் போகப்படாது.”

“அப்ப நான் சர்வீஸ்ல இதுவரைக்கும் எதையும் லுக்கிங் ஆஃப்டர் பண்ணல மேடம்.”

“அது எனக்குத் தெரியாது. நான் வந்து பத்து நாள்தான ஆச்சு” என்றார். கேலியா, நிஜமா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

டீக்கடைக்காரர் ஒருநாள் தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “அக்கா, அந்த வெயிட்டிங் ஃபார் டீய ஒரு தடவ சொல்லுங்க. இவன் நம்ப மாட்டேங்கான்.”

“இப்பத்தான குடிச்சேன் தம்பி? நான் எங்க காத்துக்கிட்டு இருக்கேன்? நாளைக்குக் கொஞ்சம் லேட்டா கொண்டு வாங்க, சொல்றேன்.”

மறுநாள் அந்த மனுஷன் அரை மணி நேரம் லேட்டாகக் கொண்டுவந்தார். ஆபீசே தலைவலியில் கிடந்தது. அந்த அம்மா மட்டும் மச்சினனுக்கு முன்னால் வாக்கியத்தைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார்.

போனில்தான் நிஜமான கூத்து. துபாயிலிருந்து ஒரு பார்ட்டி, “என் வேலை எம்புட்டு தூரத்துல இருக்கு?” என்று இங்கிலீஷில் கேட்பார். நானாக இருந்தால் ‘வீ’ கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன். இவர் “ஒன் மினிட்” என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடுவார். போனைக் காதில் வைத்தபடியே மாடிப்படி இறங்கி, மெஷின் ஹாலுக்குள் போய், அடுக்கி வைத்திருக்கிற தாளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, “ஐ ஆம் ஸ்டாண்டிங் நியர் த மெஷின். ஐ ஆம் லுக்கிங் அட் யுவர் ஷீட்ஸ்” என்பார். மெஷின் இரைச்சல் துபாய் வரைக்கும் கேட்கும். வேலை தொடங்கவே இல்லையென்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுவார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார்.

“ஏம்மா, இன்னைக்கு லோடு ஏத்துறோம்னு ஒரு வார்த்த சொன்னா என்ன, ஒங்க வாய் வெந்தா போயிரும்?”

“நான் ஏத்தலயே மொதலாளி. நீங்க வேணா சொல்லிக்கிடுங்க” என்று போனை நீட்டுவார். முதலாளிக்கும் என்னைப் போலவே இங்கிலீஷ் போனைக் கண்டால் பாத்ரூம் ஞாபகம் வரும். அதனால் பேச்சு அதோடு முடியும். ஆச்சரியம் என்னவென்றால், திட்டுவார்கள் என்று நாங்கள் பயந்த பார்ட்டிகள் எல்லாம் பிறகு அந்த அம்மாவையே கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் போன் அடிப்பது குறைந்தது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். அடிக்காத போனையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லிப் புலம்பினேன். “அப்ப நீங்களும் ரெண்டு வார்த்த பேசிப் பழகுங்க, யாரு வேணாங்கா?” என்றாள் மனைவி. சரி என்று அந்த அம்மா பாணியிலேயே தொடங்கினேன். அவள் தன் தம்பி வீட்டு விசேஷத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனில் கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே, “ஐ ஆம் லிசனிங் டு யூ” என்றேன்.

“பொய்யி” என்றாள். என் முதல் வாக்கியம் அங்கேயே செத்தது.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஹாலில் மெஷின் எல்லாம் நின்று, காதுக்குள் ஙொய் என்ற சத்தம் மட்டும் மிச்சம். துபாய் பார்ட்டிக்கு அச்சு பிளேட் ரெடி என்று சொல்லியாக வேண்டும், பிளேட் ரெடியில்லை. நான் கெஞ்சினேன்.

“மேடம், சின்னப் பொய்யி. யாருக்கும் ஒரு சேதாரமும் இல்ல. ‘பாத்துட்டேன், ரெடியா இருக்கு’ன்னு சொல்லுங்க. சாயங்காலம் நிஜமாவே ரெடியாயிரும்.”

அவர் டிபன் பாக்ஸை மூடிவைத்தார்.

“நான் முன்ன வெடி ஆபீஸ்ல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் மண்ணு வாளி, தண்ணித் தொட்டி வச்சிருப்பாக. தெனம் அது நெறஞ்சிருக்கான்னு சுத்திப் பாக்கணும். பாக்க வேண்டியது நானு. சித்திர மாசம், கொளுத்துற வெயிலு. மொதலாளி டவுன்ல இருந்து போன் பண்ணி, ‘வாளியெல்லாம் பாத்துட்டியாம்மா?’ன்னாரு. ‘பாத்துட்டேன்’னேன். பேன் காத்த விட்டு எந்திரிக்கல. மறுநா ஒரு ரூம்ல சின்னதாப் பத்துச்சு. பக்கத்துல இருந்த தொட்டிக்கு ஓடுனாக. காஞ்சு கெடந்துச்சு.”

“யாரும்…?”

“சாகல. ஒரு அக்காவுக்குக் கையி போச்சு. சோத்துக் கையி. இப்பவும் எடது கையாலதான் சாப்பிடுது. எங்க தெருதான். விசேஷ வீட்டுப் பந்தியில நான் அது பக்கத்துலதான் போயி உக்காருவேன். அது என்னய ஒண்ணும் சொன்னதில்ல. நான் பாக்காமச் சொன்னேன்னு அதுக்கு ஒருநாளு சொன்னேன். ‘சரி, எலயில சோத்தப் போடச் சொல்லு’ன்னுச்சு.”

கரண்ட் வந்துவிட்டது. அவர் துபாய்க்குப் போன் போட்டு, பிளேட் ரெடியில்லை, நாலு மணிக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நாலு மணிக்குச் செருப்பைத் தேடினார்.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ‘ஆகா, இவ்வளவு நேர்மையா இருக்கிற ஆளுக்கு முதலாளி கட்டாயம் நாற்காலியக் குடுத்துருவாரு’ என்று புதுசாக ஒரு கவலையைச் சேர்த்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் வந்தது வினை. மலேசியாவில் கிள்ளான் பக்கம் ஒரு சீன வியாபாரி. அங்கே இருக்கிற தமிழ் மளிகைக்கடைகளுக்கு நம்மிடம் தினசரிக் காலண்டர் வாங்கிக் கொடுப்பவர். மேலே முருகன் படம், கீழே தினம் கிழிக்கிற தேதித் தாள் கட்டு. எல்லாம் அடித்து, தகரப் பட்டி போட்டு, பாதி பெட்டிக்குள் போய்விட்டது. சாம்பிளாக இரண்டு காலண்டர் கூரியரில் அவருக்குப் போனது. ஒருநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழைகிறேன், முதலாளி ஆபீஸ் நடுவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். மலேசியாவிலிருந்து மெயில், ஏழெட்டுப் போட்டோ.

ஜனவரி இருபத்தாறு சிவப்பு. ஆகஸ்ட் பதினைந்து சிவப்பு. அந்த நாட்டு சுதந்திர நாளான ஆகஸ்ட் முப்பத்தொன்று கறுப்பு. சீனப் புத்தாண்டு, அந்த மனுஷனுடைய சொந்தப் பண்டிகை, அதுவும் கறுப்பு. நம்ம ஊர் லீவு நாளை எல்லாம் அப்படியே மலேசியாவுக்கு ஏற்றுமதி செய்யப் பெட்டி கட்டியிருந்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது. சிவப்பு தெரியும்.

“அந்த டிசைன் பண்ற புள்ளய நாளையில இருந்து வரவேணாம்னு சொல்லிருங்க” என்று சத்தம் போட்டுவிட்டு முதலாளி தன் ரூமுக்குள் போனார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. அது வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மலேசிய லீவு நாள் லிஸ்டை அந்த வியாபாரி இரண்டு மாசத்துக்கு முன்னாலேயே மெயிலில் அனுப்பியிருந்தார். நீளமான மெயில். இங்கிலீஷ். நான் பாதி படித்தேன், பயமாக இருந்தது, “நோட்டட் சார், வீ வில் டூ த நீட்ஃபுல்” என்று பதில் போட்டுவிட்டேன். கூட வந்த லிஸ்டைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டது: “அண்ணாச்சி, மலேசியாவுக்கு லீவு லிஸ்ட் எதும் வந்துச்சா?” “இருக்கிறதயே போடும்மா” என்றேன். சரிபார்க்கப் புரூஃப் தாள் எடுத்து வந்து காட்டியது. முருகன் முகம் களையாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

என் கையெழுத்து! ஞாபகம் வந்ததும் கால் தானாக பைல் ரேக்குக்கு ஓடியது. எதற்கு ஓடினேன் என்று மறைக்கப் போவதில்லை. கிழிப்பதற்குத்தான். மலேசியா பைலைப் பிரித்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். புரூஃப் தாள் இல்லை. உதறிப் பார்த்தேன். இல்லவே இல்லை. எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி வந்ததில்லை. நான் நேர்ந்துகொள்ளாத சாமியெல்லாம் தேடி வந்து உதவியிருக்கிறது என்று நினைத்தேன். சாட்சி இல்லை. அந்தப் பெண் என்ன சொன்னாலும் அதன் வார்த்தைக்கு எதிராக என் வார்த்தை. நான் சீனியர். திரும்பி வந்து ஒற்றைக் கை நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தேன். அதுவும் அன்றைக்குச் சாயவில்லை.

பதினொன்றரைக்கு வீடியோ கால். முதலாளி வந்து என் பக்கத்தில் நின்றார். எதிரே அந்த அம்மா. திரையில் சீன வியாபாரி, கையில் நம்ம முருகன். அவர் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் காட்டிக்கொண்டே போனார். ஆகஸ்ட் வருவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அந்த அம்மா சொன்னார்: “ஐ ஹாவ் லுக்ட் அட் யுவர் போட்டோஸ். ஐ அக்ரீ வித் யூ.”

“ஹூ செக்ட் இட்?” என்றார் அவர். யார் பார்த்துப் பாஸ் பண்ணியது?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணாடியை ஒரு மனுஷி எவ்வளவு நேரம் துடைக்க முடியும்? டிசைன் பெண்ணின் கீபோர்டு சத்தம் நின்றுபோயிருந்தது. “ஹலோ?” என்றார் வியாபாரி.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வாயைத் திறந்தேன். “சார், வீ…” அதற்கு மேல் வரவில்லை. இரண்டாவது தடவையும், “வீ…” மூன்றாவது தடவை. ஆபீஸில் இருந்த எல்லோரையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இழுத்துப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பெண் உட்பட. இடம் போதவில்லை.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெதுவாகத் தமிழில் கேட்டார்: “நீங்க என்ன செஞ்சீக அண்ணாச்சி?”

“பாத்தேன்.”

“எதப் பாத்தீக?”

“படத்த.”

“அதச் சொல்லுங்க.”

சொன்னேன். “சார். ஐ லுக்ட் அட் த பிக்சர். ஐ டிட் நாட் லுக் அட் த டேட்ஸ். யூ சென்ட் த லிஸ்ட். ஐ டிட் நாட் ஓப்பன். தட் கேர்ள் ஆஸ்க்ட் மீ ஃபார் த லிஸ்ட். ஐ டிட் நாட் கிவ். ஐ சைன்ட்.” வாழ்க்கையில் இவ்வளவு இங்கிலீஷை நான் ஒரே மூச்சில் பேசியதில்லை. தப்பும் சரியும் எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியத்துக்கும் நான் யோசிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். செய்ததைச் சொன்னேன், வந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனியில் எனக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் வியாபாரி காலண்டரைக் கீழே வைத்தார். பிறகு, “ஓகே. வென்?” எப்போது சரிசெய்து தருவாய், அவ்வளவுதான் கேள்வி. பைண்டிங் பகுதிக்குப் போய்க் கேட்டுவிட்டு நாலு மணிக்குச் சொல்கிறேன் என்றேன். போய்க் கேட்டேன். நாலு மணிக்குச் சொன்னேன். தகரப் பட்டியைப் பிரித்து, தப்பான தேதித் தாள்களை உருவி, புதுசு அடித்துச் சொருகித் திரும்பப் பட்டி போட வேண்டும். ஆறு நாள் நானும் தரையில் உட்கார்ந்து உருவினேன். தகரம் கிழிக்காத விரல் இல்லை. ஏழாம் நாள் லோடு தூத்துக்குடிக்குக் கிளம்பியது. டிசைன் பெண் இன்னும் எங்களோடுதான் வேலை பார்க்கிறது. இப்போதெல்லாம் என்னிடம் மூன்று தடவை கேட்கிறது.

தை மாசம் அந்த அம்மா வேலையை விட்டு நின்றார். வெம்பக்கோட்டைப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வீட்டுக்கு ஒரே பஸ், மாற வேண்டாம். போகிற அன்று மேஜையைத் துடைத்துவைத்துவிட்டு, “வாரேன் அண்ணாச்சி” என்று தமிழில்தான் சொன்னார்.

அதற்கடுத்து வந்த ஆடிப்பெருக்கில் ஆல்ப பூஜை முடிந்து கேசரி தின்றுகொண்டிருக்கும்போது முதலாளி பேச்சுவாக்கில் சொன்னார். அன்று காலை நான் பைல் ரேக்குக்கு ஓடுவதற்கு முன்னாலேயே அந்த அம்மா புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு அவர் ரூமுக்குப் போயிருக்கிறார். கையெழுத்து இருக்கிற மூலையை மடித்துப் பிடித்துக்கொண்டு, ‘தப்பு அந்தப் பெண் மேல் இல்லை, யார் என்று எனக்குத் தெரியும், பன்னிரண்டு மணிக்குள் அவரே சொல்லட்டும், சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்’ என்றிருக்கிறார். பிறகு தாளைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொன்னபோது மணி பதினொன்று ஐம்பது.